காட்டைக் காத்து நிற்கும் தாய்மார்கள்

(ஆலய மண்டபத்தில் மகளிர் பிரிவினர் ஏற்பாடு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெண்மையின் சிறப்பைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று மகளிர் பிரிவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சீதையைப் பற்றியும் கண்ணகியைப் பற்றியும் ஔவையாரைப் பற்றியும் இந்த மண்டபத்தில் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நான் இன்று நம் காலத்துப் பெண்கள் சிலரைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அவர்கள் காட்டிலே பிறந்தவர்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். ஆனால் அழிந்த காட்டை மீண்டும் வளர்த்தவர்களும், அழிய இருந்த காட்டைத் தடுத்துக் காத்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு அவர்கள் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

பால்மரம் வந்த கதை

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். மலாயாவில் வாணிபத்திற்கென்று ரப்பர் பயிரிடப்பட்ட முதல் இடம் எது என்று கேட்டால், நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அது நம் மலாக்கா மாநிலம்தான். டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896 வாக்கில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அது தேறியதும் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். பின்னர் நாடெங்கும் பால்மரம் பரவியது. அதன் பின்னாலேயே கங்காணிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள்.

அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? மழைக்காடு இருந்தது. அதில் ஒரு பகுதியை மரவள்ளிப் பயிர் ஏற்கெனவே விழுங்கியிருந்தது. மிச்சத்தைப் பால்மரம் எடுத்துக்கொண்டது. அந்தக் காட்டில் மக்களும் இருந்தார்கள். தெமுவான் என்பது அவர்கள் பெயர். இன்றும் அலோர் காஜா, ஜாசின் மாவட்டங்களில் அவர்களுடைய கிராமங்கள் உள்ளன. நம் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் அவர்கள் ஊர். நாம் அவர்களைப் பார்த்திருக்கிறோம், ஆனால் அறிந்துகொள்ளவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டங்களில் நம்மவர்கள் அவர்களைச் "சக்காய்" என்று அழைத்து வந்தார்கள். அது அடிமை என்ற பொருளில் அவர்கள்மீது சுமத்தப்பட்ட இழிசொல். அவர்களை ஓராங் அஸ்லி என்று சொல்ல வேண்டும். ஆதி மக்கள் என்பது அதன் பொருள். "கூலி" என்று நம்மை அழைத்தபோது நமக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். ஆகையால் அந்தப் பழைய சொல்லை நம் வீடுகளிலிருந்து இன்றே விலக்கிவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

கடலுக்கு அப்பால் அதே கதை

மலாக்காவில் பால்மரம் நடப்பட்ட அதே 1890ஆம் ஆண்டுகளில், தமிழ்நாட்டின் ஆனைமலையில் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் நடத் தொடங்கினார்கள். இன்று அந்த மலைமேல் இருக்கும் ஊருக்கு வால்பாறை என்று பெயர். அங்கும் துரைமார் வந்தார்கள், கங்காணிகள் வந்தார்கள், சமவெளியிலிருந்து ஏழைத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வரிசை வீடுகள், விடியுமுன் பிரட்டு, தோட்டத்து மாரியம்மன் கோவில் எல்லாம் நம்முடையவை போலத்தான்.

அந்த மலைக்காட்டின் ஆதி மக்கள் காடர்கள். பெயரே சொல்லிவிடுகிறது, காட்டைச் சேர்ந்தவர்கள் என்று. தேன், குங்கிலியம், கிழங்கு, ஆற்று மீன் இவைகளைக் கொண்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் வால்பாறையிலும், கேரளப் பக்கம் பறம்பிக்குளம், வாழச்சால் காடுகளிலும் சிறுசிறு குடிகளாக இருக்கிறார்கள். முதலில் தேயிலைத் தோட்டம் வந்தது. பிறகு மரம் இறக்க டிராம் பாதை வந்தது. அடுத்தடுத்துப் பறம்பிக்குளம், பெரிங்கல்குத்து, சோலையாறு என்று அணைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் காடர்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்தார்கள்.

வாழச்சால் கீதா

இந்த நிலையில், சாலக்குடி ஆற்றின்மேல் அதிரப்பள்ளி என்னுமிடத்தில் மேலும் ஓர் அணை கட்டி 163 மெகாவாட் மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. அதிரப்பள்ளி அருவியைப் பல தமிழ்ப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அணைக்காக 130 ஹெக்டருக்கு மேற்பட்ட காட்டுநிலம் தேவைப்பட்டது. அதில் ஆற்றோரக் காடும் அடக்கம். தென்னிந்தியாவில் வாழும் நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் ஒருங்கே இருக்கும் காடு அது. அணை வரவேண்டிய இடத்தின் மேலும் கீழுமாகப் பொகலப்பாறை, வாழச்சால் என்று காடர்களின் இரண்டு குடிகள் இருந்தன.

வாழச்சால் குடியைச் சேர்ந்தவர் கீதா என்ற பெண்மணி. காடர்களின் ஊர்த்தலைமை வழிவழியாக ஆண்களிடமே இருந்தது. அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் இவர்தான் என்று சொல்லப்படுகிறது. "இந்த ஆறும் காடும் எங்கள் வாழ்வு, எங்களைக் கேட்காமல் முடிவு செய்யலாகாது" என்பதே அவர் கூற்றின் சாரம். சாலக்குடி ஆற்றுப் பாதுகாப்பு இயக்கத்தினரும், லதா அனந்தா போன்ற ஆற்று ஆய்வாளர்களும் அவருக்குத் துணை நின்றார்கள். லதா அம்மையார் 2017இல் காலமானார். பொது விசாரணைகளில் காடர்கள் பேசினார்கள். நீதிமன்றப் படியேறினார்கள். 2001இலும் 2006இலும் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் திட்டத்திற்குத் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியைத் தள்ளுபடி செய்தது. மறுபடியும் அனுமதி வந்தது. மறுபடியும் எதிர்த்தார்கள். 2011இல் பேராசிரியர் மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலை ஆய்வுக் குழுவும் இந்த அணை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அணை இன்றுவரை கட்டப்படவில்லை. அருவி விழுந்துகொண்டிருக்கிறது.

"நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா ஐயா?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளக்கு எரிவதற்காகத்தான் மின்சாரம். ஆனால் அந்த ஆற்றில் முன்பே பல அணைகள் இருந்தன. எஞ்சிய நீர், கோடை மாதங்களில் திட்டத்தில் சொன்ன அளவு மின்சாரம் தராது என்று ஆய்வாளர்கள் கணக்குக் காட்டி வாதிட்டார்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் ஒரே மக்களே நகர்ந்துகொடுக்க வேண்டும் என்பது என்ன நீதி? ஒரு குடும்பத்தில் எல்லாத் தியாகத்தையும் ஒரே பிள்ளையிடம் கேட்கிற தாய் தந்தையரை நாம் நல்லவர்கள் என்று சொல்லமாட்டோம்.

சட்டம் தந்த கைப்பிடி

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழும் மக்களுக்கு அந்தக் காட்டைப் பயன்படுத்தவும், பாதுகாக்கவும், நிர்வகிக்கவும் அது உரிமை தந்தது. இச்சட்டத்தின்படி 2014இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது ஆதிக்குடி ஊர்களுக்குச் சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டின்மீது சமூக உரிமை வழங்கப்பட்டது. தனிப்பட்ட எவருக்கும் அது சொத்தன்று, விற்க முடியாது. ஊர்ச் சபை கூடிப் பேசித்தான் எதையும் முடிவு செய்யலாம். அந்தச் சபையில் பெண்ணின் குரலுக்கும் ஆணின் குரலுக்கும் எடை ஒன்றே.

உரிமை வந்தபின் காடு அழிந்ததா? முன்பு இருவாச்சிக் குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டிருந்த காடர்கள், இப்போது வனத்துறையோடும் ஆய்வாளர்களோடும் சேர்ந்து அதே பறவையின் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். எந்த மரத்துப் பொந்தில் கூடு, எந்த மாதத்தில் முட்டை என்பது அவர்களுக்கு அத்துப்படி. இருவாச்சி பழத்தைத் தின்று விதையை வெகுதொலைவு கொண்டுபோய்ப் போடும் பறவை. அதைக் காத்தால் அதுவே காட்டை நட்டுக்கொடுத்துவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வால்பாறைக்கு அருகே கல்லார்குடி என்ற காடர் குடியில் 2019 ஆகஸ்டு மழையில் மண்சரிந்தது. தங்கள் முன்னோரின் இடமான தெப்பக்குளமேட்டுக்கு அவர்கள் போனபோது வனத்துறை தடுத்தது. தேயிலைத் தோட்டத்தின் பழைய வரிசை வீடுகளில் அவர்களைக் குடிவைத்தார்கள். காட்டு மக்களுக்கு லயத்து வீடு! அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாண்டுகள் விடாமல் கேட்டுப் போராடி, 2021இல் தெப்பக்குளமேட்டில் மனைப்பட்டா வாங்கினார்கள். அந்தப் போராட்டத்திலும் முன்னின்றவர் ஓர் இளம்பெண்தான்.

விதை அறிந்த கை

காட்டைக் காப்பது ஒன்று. அழிந்த காட்டை மறுபடி வளர்ப்பது இன்னொன்று. அதற்கு விதை அறிவு வேண்டும்.

நெல் விதையைக் காயவைத்துக் குதிரில் போட்டு அடுத்த பருவத்துக்கு எடுக்கலாம். மழைக்காட்டு மரங்களின் விதைகளில் பல அப்படியல்ல. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த சில நாட்களில், அல்லது சில வாரங்களில் மண்ணில் போட்டாக வேண்டும். நம் ரப்பர் கொட்டையே இதற்கு நல்ல சாட்சி. சிறுபிள்ளையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓங்கிக் குத்தி உடைத்து விளையாடினோமே, அந்தக் கொட்டைதான். 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளை விக்கம் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். நம் நாட்டுக் காட்டு மரங்களான மெராந்தி, கெருயிங் போன்றவை இன்னும் கடினம். அவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே எந்த மரம் எப்போது பூக்கும், எந்த மரத்தின் விதை வீரியமானது, எது நிழலில் வளரும், எது வெயில் கேட்கும் என்பதெல்லாம் தெரிந்தவர் கூடவே இருக்க வேண்டும். அது காட்டில் நடந்து நடந்து வரும் அறிவு. தாயிடமிருந்து மகளுக்கு வரும் அறிவு.

கர்நாடகத்தின் அங்கோலா வட்டத்தில் ஹொன்னள்ளி என்ற சிற்றூர். அங்கே ஹாலக்கி இனத்தில் பிறந்தவர் துளசி கௌடா அம்மையார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். பள்ளிக்கூடம் போகவில்லை. வனத்துறை நாற்றுப்பண்ணையில் தினக்கூலியாக இருந்த தாயாரின் பின்னால் போய், தாமும் அங்கேயே கூலியானார். தாயின் பின்னால் பிரட்டுக்குப் போய்ப் பால்மரக் காட்டில் மங்கு கழுவிய பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருக்கிறோம் அல்லவா? அப்படித்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தினக்கூலியாக இருந்த பிறகே அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

அந்த அம்மையார் காட்டுக்குள் போய் ஒவ்வொரு இனத்திலும் தாய்மரம் எது என்று கண்டுபிடிப்பார். வயதிலும் வளத்திலும் சிறந்து, சுற்றிலும் கன்றுகளைப் பெற்று நிற்கும் மரம் தாய்மரம். அதன் விதையை எடுத்தால் கன்று தப்பாது. நூற்றுக்கணக்கான மரவகைகளை விதையிலும் இலையிலும் அடையாளம் சொல்வார். ஆகையால் படித்த அதிகாரிகள் அவரைக் காட்டின் கலைக்களஞ்சியம் என்று அழைத்தார்கள். அவர் கையால் முளைத்து வளர்ந்த மரங்கள் பல பல்லாயிரம். 2021 நவம்பரில் டில்லியில் குடியரசுத் தலைவரிடம் பத்மஸ்ரீ விருது வாங்கப் போனபோதும் தம் இனத்துச் சேலையோடு, வெறுங்காலோடுதான் நடந்து போனார். 2024 டிசம்பரில் இயற்கை எய்தினார்.

வெட்டிய இடத்தில் மழைக்காடு மறுபடி வருமா என்று ஐயப்படுபவர்கள் கெப்போங்கிற்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு, 1920ஆம் ஆண்டுகளில் ஈயச் சுரங்கத்தாலும் காய்கறித் தோட்டங்களாலும் பாழாகிக் கிடந்த நிலத்தில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. நட்டால் வரும், ஆனால் ஒரு நூற்றாண்டு பொறுக்க வேண்டும். அதனால்தான் இருக்கிற காட்டைக் காப்பது முதல் வேலை ஆகிறது.

நம் நாட்டு நிலவரம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிலாங்கூர், டிங்கில் அருகே புக்கிட் தம்போய் என்ற தெமுவான் கிராமம். 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக அவர்களுடைய 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டின் ஓராங் அஸ்லி சட்டத்தைக் காட்டி, மரத்துக்கும் வீட்டுக்கும்தான் இழப்பீடு, நிலத்துக்கு இல்லை என்றார்கள். அதாவது நீ நட்ட டுரியான் மரம் உன்னுடையது, மரம் நிற்கும் மண் உன்னுடையதன்று. சாகோங் தாசி என்பவரும் அவர் ஊராரும் வழக்குத் தொடுத்தார்கள். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் நிலம் அவர்களுடையதே என்று சொல்லிற்று. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அத்தீர்ப்பை உறுதி செய்து எழுதினார். 2010இல் 6.5 மில்லியன் வெள்ளிக்கு வழக்கு முடிவுக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள்! அந்தப் பதினைந்து ஆண்டும் குடும்பத்தை நடத்தியவர்கள் யார் என்று தாய்மார்களாகிய உங்களுக்குத் தெரியும்.

அதே 2010 மார்ச்சில், ஓராங் அஸ்லி நிலக் கொள்கையை எதிர்த்து ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஓராங் அஸ்லி மக்கள் புத்ராஜெயாவிற்கு ஊர்வலமாகச் சென்றார்கள். அவர்களின் கிராமக் கூட்டமைப்பில் முன்னணித் தலைவராக விளங்கியவர் தீஜா யோக் சோப்பில் என்ற செமாய் இனப் பெண்மணி, பேராக் மாநிலம் பீடோரைச் சேர்ந்தவர். 2020இல் சிலாங்கூரின் வட கோல லங்காட் வனக்காப்பகத்தில் சுமார் 930 ஹெக்டரை விடுவிக்க முயன்றபோது தெமுவான் மக்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். 2021 செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பேசினால் பயன் உண்டு என்பதற்கு இது சாட்சி.

நமக்கும் இதற்கும் என்ன?

என் தாயார் பால் வெட்டிய தோட்டம் ஒருநாள் விற்கப்பட்டது. லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் அந்த மரங்களைத் தொட்டு வாழ்ந்தவருக்கு அந்த மண்ணில் ஒரு சாண் உரிமை இல்லை. வீட்டுக்குப் பின்னால் அவர் வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் மண்வாரி எந்திரத்தின் அடியில் போயின. எந்தத் தோட்டம், யார் விற்றார்கள் என்பது இப்போது தேவையில்லை. உங்களில் பலருக்கும் இதே கதைதான். கோவிலையாவது காப்பாற்ற அலைந்து திரிந்தவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நாமும் அவர்களும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. நாம் வந்து நாலைந்து தலைமுறை. அவர்கள் காலங்காலமாக இருப்பவர்கள். அவர்கள் காட்டை அழித்த கை கூலிக்கு வேலை செய்த நம் முன்னோர் கையாகவும் இருந்தது. வயிற்றுப்பாட்டுக்குச் செய்தார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மண்ணை இழந்தவர் வலி மண்ணை இழந்தவருக்குத்தான் தெரியும். அந்த வலி தெரிந்த நாம், அவர்கள் பேசும்போது காதுகொடுக்காமல் இருந்தால் அது அறமாகாது. உலக நாடுகள் 2007இல் ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது மலேசியாவும் ஆதரித்து வாக்களித்தது. நாடு ஒப்புக்கொண்டதை வீடு ஒப்புக்கொள்ள வேண்டாமா?

நம் ஆலயத்தால் ஆகக்கூடிய மூன்று சிறிய காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, ஆலய வளாகத்தில் அழகுச்செடிகளோடு நம் நாட்டுக் காட்டு மரங்களுக்கும் இடம் தருவோம். ஒவ்வோர் ஆலயத்துக்கும் தலவிருட்சம் வைத்த சமயம் நம்முடையது. பின்புறம் சும்மா கிடக்கும் இடத்தில் சிறிய நாற்றங்கால் ஒன்றை மகளிர் பிரிவினர் நடத்தலாம். கன்று வளர்க்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாவது, அருகிலுள்ள தெமுவான் கிராமத்தாரை விருந்தினராக அழைத்து, மரம் பற்றியும் விதை பற்றியும் அவர்களே நம் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்வோம். அந்தப் பாடத்துக்கு உரிய சன்மானமும் தருவோம். அவர்கள் கொண்டுவரும் தேனுக்கும் பெத்தாய்க்கும் பேரம் பேசாமல் நியாய விலை கொடுப்போம். மூன்றாவது, அவர்கள் நிலத்துக்கோ காட்டுக்கோ ஆபத்து என்று செய்தி வந்து, பொதுமக்களின் ஆட்சேபம் கேட்கப்படும்போது, நம் குழுவின் பெயரால் ஒரு கடிதமாவது எழுதுவோம்.

நாம் இன்று நடும் மெராந்தி பெருமரமாகி நிற்கும்போது இங்கிருக்கும் நாம் யாரும் இருக்கமாட்டோம். துளசி அம்மையாருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அப்படியிருந்தும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் விதை பொறுக்கினார். நம் பேரப்பிள்ளைகளின் நிழலுக்காக நாமும் குனிந்து ஒரு விதையை எடுப்போமாக.